ஜாலான் கெரேஜாவிலிருந்து கடைமாடிக்கு: ஜொகூர் கிறிஸ்தவர்கள், அன்றும் இன்றும்

ஜொகூர் பாருவின் பழைய நகரத்தில் ஜாலான் துருஸைச் சுற்றி ஒரு நடை போனால் ஐந்து சமயங்களின் வாசல்களைத் தாண்டிவிடலாம். பழைய சீனக் கோவில், அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானம், இந்தியப் பள்ளிவாசல், சீக்கியர்களின் குருத்வாரா, இவற்றுக்கு எட்டிய தூரத்தில் அமல உற்பவ அன்னை தேவாலயம். அந்தத் தேவாலயம் நிற்கும் சாலையின் பெயரே ஜாலான் கெரேஜா, அதாவது தேவாலயச் சாலை. 1883-இல் பிரெஞ்சுக் குருமார் தொடங்கிய கோவில் அது. அப்போது ஜொகூரை ஆண்டவர் மகாராஜா அபு பக்கர். இரண்டு ஆண்டு கழித்து சுல்தான் பட்டம் ஏற்றவர். அந்த நகரமே அவர் கையில் உருவாகிக்கொண்டிருந்த காலம். அவருடைய இசைவு இல்லாமல் அங்கே ஒரு கல்லும் எழும்பியிருக்காது.

அங்கிருந்து ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங் பக்கம் புறப்பட்டால் இன்றைய காட்சி வேறு. கீழே டயர் கடை அல்லது மருந்தகம், மேலே மாடியில் சபை. பாட்டுச் சத்தம் வெளியே போகாதபடி சன்னல்கள் சாத்தியிருக்கும். பெயர்ப்பலகை சிறியது, சில இடங்களில் அதுவும் இல்லை. உள்ளே பீடத்துக்குப் பின்னால் பெரிய சிலுவை இருக்கும். சாலையில் போகிறவர் கண்ணுக்கு அது தெரியாது.

தெருவுக்கே பெயர் தந்த சமயம் எப்படிக் கடைமாடிக்குப் போய்ச் சேர்ந்தது? இடையில் நடந்ததைப் பகை என்ற ஒரே சொல்லில் அடக்க முடியாது. பகை உண்டு, சட்டம் உண்டு, அரசியல் உண்டு, நம்முடைய பங்கும் உண்டு. ஆனால் ஜொகூர் கிறிஸ்தவர்களுக்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்பு எதுவென்று கேட்டால் எனக்குத் தயக்கமில்லை. பிறர் நம் நம்பிக்கையை எதிர்த்ததைக் காட்டிலும், எதிர்ப்புக்கு அஞ்சி நாமே அதை மறைத்து வைக்கப் பழகிவிட்டதுதான் பெரிய இழப்பு.

பாதிரியார் பள்ளியில் படித்த அரசர்

அபு பக்கர் சிறுவயதில் படித்தது சிங்கப்பூர் தெலுக் பிளாங்காவில் பெஞ்சமின் கீஸ்பெரி நடத்திய பள்ளியில். கீஸ்பெரி ஐதராபாத்தில் பிறந்தவர். லண்டன் மிஷனரி சங்கத்தில் பணியாற்றியவர். மலாய் மொழியிலேயே பிரசங்கித்தவர். அச்சகம் வைத்து மலாய் நூல்களை வெளியிட்டவர். அந்தப் பணியில் அவருக்குத் துணை நின்றவர் முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் உரைநடைக்குத் தந்தை என்று போற்றப்படும் அப்துல்லா, அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பத்தில் வந்தவர். பக்தியுள்ள இஸ்லாமியர். 1854-இல் ஹஜ் பயணத்தின்போதே காலமானவர். கிறிஸ்தவ நற்செய்தி நூல்களை மலாயில் பெயர்க்க மிஷனரிகளுக்கு உதவியதால் அவருக்கு 'அப்துல்லா பாதிரி' என்ற பட்டப்பெயர் வந்தது. அதைப் பொறுத்துக்கொண்டு, செய்த வேலையையும் விடாமல், தம் மார்க்கத்திலும் வழுவாமல் நின்றார். அவருடைய மகன் முகமது இப்ராகிம் முன்ஷி பிறகு ஜொகூர் அரசில் உயர்ந்த பதவி வகித்தார்.

இந்த வரலாற்றில் நான் திரும்பத் திரும்ப வியப்பது ஒன்று. பாதிரியார் பள்ளியில் படித்த இளவரசர் மதம் மாறவில்லை. தம் மக்கள் மாறிவிடுவார்களோ என்று அஞ்சி அவர் கதவைச் சாத்தவும் இல்லை. தம் சமயத்தில் உறுதியாக இருந்தவர்களுக்கு அடுத்தவர் சமயத்தின் அருகில் உட்காருவது ஆபத்தாகத் தோன்றவில்லை.

அந்த மனம் சட்டமாகவும் ஆனது. 1895 ஏப்ரல் 14-ஆம் நாள் அபு பக்கர் ஜொகூருக்கு எழுதப்பட்ட அரசியலமைப்பை வழங்கினார். மலாய் மாநிலங்களில் இப்படி ஒன்று எழுந்தது அதுவே முதல் முறை. அதன் 57-ஆம் பிரிவு இஸ்லாத்தை அரசின் சமயம் என்று தெளிவாகச் சொல்கிறது. அதே மூச்சில், மற்றச் சமயங்கள் யாவும் அனுமதிக்கப்படும், அவை அனுமதிக்கப்படுவதே முறை, அவற்றைப் பின்பற்றுவோர் ஜொகூரின் எல்லாப் பகுதிகளிலும் அமைதியாகவும் இணக்கமாகவும் வழிபடலாம் என்றும் சொல்கிறது. அதை வழங்கிய இரண்டு மாதத்துக்குள் அவர் லண்டனில் காலமானார். ஒருவகையில் அது அவருடைய இறுதி விருப்பம்.

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 1851-இல் இரகசியக் கும்பல்கள் சீனக் கத்தோலிக்கர்களின் மிளகு, காசுக்கட்டித் தோட்டங்களைத் தாக்கின. பல நூறு பேர் உயிரிழந்தார்கள். சமயம் மாறியவர்கள் கும்பலின் பிடிக்குள் வர மறுத்தார்கள் என்பதே அதற்குக் காரணம். பாதிரிமார் வந்த கப்பல்களில்தான் காலனி ஆட்சியும் வந்தது என்பதை மலாய் மக்கள் மறக்கவில்லை. மறக்கச் சொல்லவும் முடியாது. இன்றைய அச்சத்தின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

தோட்டத்து வேதக்காரர்

தமிழர்கள் இந்தக் கதைக்குள் திரளாக வந்தது ரப்பரோடு. சிகாமட், குளுவாங், கூலாய், லாபிஸ் என்று ஜொகூர் முழுவதும் பால்மரக் காடுகள் எழுந்தபோது தஞ்சை, திருச்சி, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த கூலிகளில் வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பங்களும் இருந்தன. தோட்டத்தில் குருவானவர் கிடையாது. மாதத்துக்கு ஒருமுறையோ திருநாளுக்கோதான் வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். செபம் சொல்லிக்கொடுப்பது, சாவுக்கு முன்னால் நிற்பது, குழந்தைக்குப் பெயர் வைக்கப் பங்குக் கோவிலுக்குக் கூட்டிப் போவது எல்லாம் அவர் பொறுப்பு. லயத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரையில் ஒரு சிற்றாலயம். மாரியம்மன் கோவில் அதற்குச் சற்றுத் தள்ளி.

அந்த வாழ்க்கையில் வேதக்காரன் யார் என்பது ஊருக்கே தெரியும். ஒளிவதற்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. அந்தோனியார் கோவில் மெழுகுவத்தியில் பாதி, இந்துப் பெண்கள் ஏற்றியது. தீமிதித் திருவிழாவுக்கு வேதக்காரர் நெருப்பில் இறங்கமாட்டார். ஆனால் பந்தல் கால் நடுவார், அடுப்புக்கு விறகு உடைப்பார். எதைச் செய்வார், எதைச் செய்யமாட்டார் என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. திருநீறு வாங்கிக்கொள்ளாதவரை யாரும் பகைவராக எண்ணவில்லை. கொள்கையில் விட்டுக்கொடுக்காமலே ஒருவரோடு ஒருவர் வாழ முடியும் என்பதற்குத் தோட்டம் சாட்சியாக இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக் காட்டை அழித்துத் தாமான்கள் எழுந்தன. நம் மக்கள் பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கும் சிங்கப்பூர் வேலைக்கும் சிதறினார்கள். தோட்டத்துச் சிற்றாலயம் தோட்டத்தோடு போயிற்று. புதிய வீட்டுமனைப் பகுதியில் கோவில் கட்ட நிலம் வேண்டும். அதற்கு மாநில அரசின், நகராட்சியின் ஒப்புதல் வேண்டும். இது இந்துக் கோவிலுக்கும் உள்ள சுமைதான். ஜொகூரில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவே இருப்பதால், இந்தத் தொகுதியில் இத்தனை வாக்கு என்று சொல்லிக் கேட்கும் பலமும் நமக்கு இல்லை. அப்படித்தான் சபைகள் கடைமாடிக்கு ஏறின. முதலில் அது தற்காலிக ஏற்பாடு. பிறகு அதுவே பழக்கம். பிறகு, கண்ணில் படாமல் இருப்பதே நல்லது என்ற எண்ணம் அந்தப் பழக்கத்துக்குள் வந்து குடியேறியது.

சட்டம் வரைந்த கோடு

1957-இல் நாடு விடுதலை பெற்றபோது கூட்டரசு அரசியலமைப்பு, 1895-இன் ஜொகூர்ப் பிரிவைப் போலவே பேசியது. இஸ்லாம் கூட்டரசின் சமயம். மற்றச் சமயங்களை அமைதியாகவும் இணக்கமாகவும் கடைப்பிடிக்கலாம். 11-ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தந்தது. ஆனால் அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு, இஸ்லாமியர்களிடையே வேறு கொள்கைகளைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் கொடுத்தது. மலாய்க்காரர் என்றாலே இஸ்லாத்தைப் பின்பற்றுபவர் என்று 160-ஆவது பிரிவு வரையறுத்தது. ஆகவே ஒரு மலாய்க்காரரின் சமயம் அவருடைய மனசாட்சியோடு நிற்காமல் அவருடைய இனத்தின் எண்ணிக்கையோடும் அரசியல் வலிமையோடும் பிணைந்துவிட்டது. கிறிஸ்தவப் போதனையைக் கேட்டு இங்கே எழும் அச்சத்தை இந்தப் பிணைப்பு தெரியாமல் புரிந்துகொள்ள முடியாது.

அந்த அதிகாரத்தைக் கொண்டு ஜொகூர் 1991-இல் தன் சட்டத்தை இயற்றியது. இஸ்லாமியரை வேறு சமயத்துக்குத் தூண்டுவது குற்றம். அவர் கேட்காமலே சமய நூலை அவருக்கு அனுப்புவது குற்றம். குறிப்பிட்ட சில சமயச் சொற்களைப் பிற சமய நம்பிக்கையைக் குறிக்கப் பயன்படுத்துவதும் குற்றம்.

கிறிஸ்தவரின் பழைய நம்பிக்கை ஒன்று இங்கே நேராக மோதுகிறது. நற்செய்தியைச் சொல்லுவது எங்களுக்கு விருப்பப் பாடமல்ல, கட்டளை. கேட்க வருபவரை இனம் பார்த்துத் திருப்பி அனுப்பு என்று எந்த வேதபாடத்திலும் நாங்கள் கற்றதில்லை. இருந்தும் ஜொகூர்ச் சபைகள் சட்டத்தின் கோட்டை மதித்தே நடந்துவந்திருக்கின்றன. வாசலில் தெரியாத மலாய் இளைஞர் ஒருவர் வந்து நின்றால் மூப்பர்களின் முகம் வாடுகிறது. உண்மையாகவே தேடி வந்தவரா, யாராவது அனுப்பி வந்தவரா? வந்தவரை வரவேற்பதற்கே அஞ்சும் நிலையைச் சொந்த நம்பிக்கையின் மேல் விழுந்த காயம் என்றுதான் சொல்வேன்.

சொல்லுக்கு நடந்த வழக்கு

மலாய் மொழியில் மத்தேயு நற்செய்தியை ஆல்பர்ட் ரூயில் என்ற டச்சு வணிகர் பெயர்த்தது 1612-இல், அச்சேறியது 1629-இல். கடவுளைக் குறிக்க அவர் 'அல்லா' என்ற சொல்லையே எழுதினார். முன்ஷி அப்துல்லாவின் காலத்திலும் அந்த வழக்கே இருந்தது. மலேசியக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் சபா, சரவாக் மக்கள். அவர்கள் பலரின் வழிபாட்டு மொழி மலாய். பாசிர் கூடாங்கிலும் ஜொகூர் பாருவிலும் வேலை பார்க்கும் அந்த மாநிலங்களின் இளைஞர்கள் சிறுவயது முதல் அந்தச் சொல்லால்தான் கடவுளை அழைக்கிறார்கள்.

1986-இல் உள்துறை அமைச்சு, கிறிஸ்தவ வெளியீடுகளில் அல்லா, காபா, பைத்துல்லா, சொலாட் என்ற நான்கு சொற்களையும் தடுத்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் வார இதழ் 'ஹெரால்ட்' ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் வருவது. அதன் மலாய்ப் பகுதிக்குச் சிக்கல் வந்தபோது வழக்குத் தொடுத்தவர் கோலாலம்பூர்ப் பேராயர் மர்ஃபி பாக்கியம். ஆசிரியராக முன்னின்றவர் பாதிரியார் லாரன்ஸ் ஆண்ட்ரூ. 2009 டிசம்பர் 31-இல் உயர் நீதிமன்ற நீதிபதி லாவ் பீ லான் திருச்சபைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அடுத்த ஓரிரு வாரத்தில் நாடெங்கும் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. கோலாலம்பூர் தேசா மெலாவாத்தியில் மெட்ரோ டேபர்னக்கிள் தேவாலயத்தின் அலுவலகம் தீயில் எரிந்தது. ஜொகூரில் கோத்தா திங்கி புனித எலிசபெத் தேவாலயத்தின் மேல் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்டது.

2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. 2014 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. அதே ஆண்டு தொடக்கத்தில் சிலாங்கூரில் வேதாகமச் சங்கத்தின் அலுவலகத்திலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட வேதாகமங்கள் எடுத்துச் செல்லப்பட்டன. சரவாக்கைச் சேர்ந்த ஜில் அயர்லாந்து என்ற பெண்ணிடமிருந்து 2008-இல் விமான நிலையத்தில் எடுத்த எட்டுக் குறுந்தட்டுகளுக்காக நடந்த வழக்கு, 2021 மார்ச்சில் அவருக்குச் சார்பாக முடிந்தது. அரசாங்கம் தன் மேல்முறையீட்டை 2023-இல் திரும்பப் பெற்றது. ஒரு நம்பிக்கையாளர் தம் சொந்தச் சமயக் குறுந்தட்டுகளுக்காக வழக்காடிய காலம் பதினைந்து ஆண்டு.

இவற்றின் நடுவில் போதகர் ரேமண்ட் கோ 2017 பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயா சாலையில் பட்டப்பகலில் கடத்தப்பட்டார். 2019-இல் மனித உரிமை ஆணையமான சுஹாகாம், இது காவல்துறையின் சிறப்புப் பிரிவினர் செய்தது என்று முடிவுக்கு வந்தது. 2025 நவம்பரில் உயர் நீதிமன்றமும் காவல்துறையையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கியது. ஜொகூரில் அவரைத் தெரியாதவர்களுக்கும் அந்தச் செய்தி, தலையைக் குனிந்துகொள் என்ற எச்சரிக்கையாகவே வந்து சேர்ந்தது.

ஆசிரியர்களுக்கு ஒரு பாடம்

சிவப்புச் சாயத்தைக் கழுவிவிடலாம். 2012 மார்ச்சில் ஜொகூரில் நடந்ததைக் கழுவுவது கடினம். மாநிலக் கல்வி இலாகாவும் முஃப்தி இலாகாவும் சேர்ந்து சமயப்பாட ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தரங்கு ஏற்பாடு செய்தன. அதன் தலைப்பு தாராளவாதம், பன்மைவாதம் இவற்றோடு கிறிஸ்தவமயமாக்கலையும் இஸ்லாமியருக்கு ஆபத்து என்று சொல்லி, இதில் ஆசிரியரின் பங்கு என்ன என்று கேட்டது. கிறிஸ்தவ அமைப்புகள் கண்டித்தன. இஸ்லாமியரிலும் பலர் வருந்தினார்கள். தலைப்பில் இருந்த அந்தப் பகுதி நீக்கப்பட்டது, கருத்தரங்கு நடந்தது.

இதை நான் தீக்குண்டைவிடக் கனமாக எடுத்துக்கொள்கிறேன். தீ வைத்தவன் இரவில் வந்து ஓடினான். அவனைக் காவல்துறை தேடியது. கருத்தரங்குக்கு அழைப்பு அரசாங்கத் தாளில் போனது. ஒருகாலத்தில் ஜொகூர் பாருவின் செயின்ட் ஜோசப் பள்ளியிலும் கான்வென்டிலும் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிரதர்களிடமும் கன்னியாஸ்திரிகளிடமும் படித்தார்கள். 1961 கல்விச் சட்டத்துக்குப் பின் மிஷன் பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. கன்னியாஸ்திரிகள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போனார்கள். கிறிஸ்தவர் என்றால் நமக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மதர் என்று ஒரு தலைமுறைக்கு நினைவு இருந்தது. அந்த நினைவு இல்லாத தலைமுறைக்குக் கிறிஸ்தவர் என்றால் கருத்தரங்குத் தலைப்பில் வரும் ஆபத்து. முகம் தெரியாத இடத்தில்தான் அச்சம் விளைகிறது.

ஜொகூரின் மற்றொரு முகத்தையும் சொல்லவேண்டும். 2017 செப்டம்பரில் மூவாரில் ஒரு சலவைக் கடை 'இஸ்லாமியருக்கு மட்டும்' என்று பலகை வைத்தபோது சுல்தான் இப்ராகிம் வெளிப்படையாகக் கண்டித்து, ஜொகூர் எல்லா இனத்தவருக்கும் உரிய மாநிலம், இது தாலிபான் நாடல்ல என்றார். பலகை இறங்கியது. 57-ஆம் பிரிவின் குரல் அரண்மனையில் அவியவில்லை என்று அன்று நாங்கள் ஆறுதல் கொண்டோம். 2010-இல் தேவாலயங்கள் தாக்கப்பட்டபோது காவல் நிற்க முன்வந்தவர்களில் இஸ்லாமியக் கட்சியான பாஸின் தொண்டர்களும் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை

ஜொகூருக்கே உரிய ஒரு சோதனை ஞாயிற்றுக்கிழமை. நெடுங்காலம் இங்கே வார விடுமுறை வெள்ளி. 1994-இல் அது சனி, ஞாயிறாக மாறியது. 2014 ஜனவரி முதல் மீண்டும் வெள்ளி, சனி. அரசு அலுவலகமும் பள்ளியும் ஞாயிறு திறந்தன. சிங்கப்பூரோடு தொழில் செய்யும் நிறுவனங்கள் பலவும், சிங்கப்பூருக்கே வேலைக்குப் போனவர்களும் ஞாயிறு விடுமுறையில் இருந்தார்கள். அப்பாவுக்கு ஞாயிறு ஓய்வு, பிள்ளைக்கு ஞாயிறு பள்ளி. கத்தோலிக்கருக்குச் சனி மாலைத் திருப்பலி இருந்ததால் ஓரளவு சமாளிக்க முடிந்தது. மற்றச் சபைகள் ஆராதனையை வெள்ளிக்கும் சனிக்கும் மாற்றிப் பார்த்தன. ஞாயிறு பள்ளி என்ற பெயரே பொருந்தாமல் போயிற்று. பதினொரு ஆண்டு இப்படி ஓடி, 2025 ஜனவரியில் சனி, ஞாயிறு விடுமுறை திரும்பியது.

இது நம்மேல் பகை கொண்டு செய்த மாற்றம் அல்ல. வெள்ளித் தொழுகைக்கு வழிவிடுவதே நோக்கம். அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் சிறுபான்மையின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. யாரும் வெறுக்காமலே ஒரு குடும்பம் ஒன்றாகச் சபைக்குப் போகும் வழக்கம் அறுந்துபோகலாம். அதை ஒட்டுவது சட்டம் மாறிய மறுநாளே நடக்கிற காரியம் இல்லை. ஞாயிறு கிடைத்துவிட்டது; ஞாயிற்றுக்கு வரும் பழக்கம் பல இளையவர்களிடம் இன்னும் திரும்பவில்லை.

நம் வீட்டுக்குள் உள்ள பகை

தமிழ்க் கிறிஸ்தவருக்குப் பகை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. இந்துக் குடும்பத்தில் ஒரு பிள்ளை சபைக்குப் போகத் தொடங்கினால் வீட்டில் பேச்சு நிற்கிறது. கல்யாணத்தில் அவன் பேர் பத்திரிகையில் வராது. தாயின் சிதைக்குக் கொள்ளி வைக்க உரிமை உண்டா என்று சண்டை வரும். மலேசிய இந்து சங்கம் மதமாற்றத்தைப் பற்றிப் பலமுறை வருத்தம் தெரிவித்திருக்கிறது.

இதில் ஒரு பங்கு நம் வாயால் வந்தது. தோட்டத்து உபதேசியார் பக்கத்து மாரியம்மனைப் பேய் என்று சொல்லவில்லை. தன் கடவுளைப் பற்றித்தான் பேசினார். பிறகு வந்த ஊழியக்காரர்கள் சிலர் ஒலிபெருக்கியில் அடுத்தவரின் சாமியைத் திட்டுவதையே சாட்சி என்று எண்ணினார்கள். நோயில் கிடப்பவரிடம் போய், கும்பிட்டது தவறு, அதனால்தான் இந்த நோய் என்றார்கள். கொள்கையில் உறுதி வேறு, நாக்கில் கடுமை வேறு. ஒரே கடவுள் என்று நம்புகிறவர் பிற வழிபாட்டில் சேராமல் இருக்கலாம். அதற்காகப் பிறரை அவமதிக்க அவருக்கு உரிமை கிடையாது. அவமதித்துவிட்டுப் பகை வந்தது என்று அழுவது நேர்மை ஆகாது.

'உள்ளே வைத்துக்கொள்' என்ற குரல்

மேற்கு நாடுகளில் கிறிஸ்தவர் சந்திக்கும் எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில் என்ற பழைய போதனையை மாணவர் உறுதிமொழியில் வைத்திருந்த டிரினிட்டி வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரிக்கு ஒப்புதல் மறுத்தது சரியே என்று கனடா உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், தன் நம்பிக்கைக்கு ஒவ்வாத வாசகத்தைக் கேக்கில் எழுத மறுத்த வட அயர்லாந்து அடுமனைக்குச் சார்பாக நின்றது. இந்தியாவிலோ ஒடிசா 1967-இல் தொடங்கிவைத்த மதமாற்றத் தடைச் சட்டத்தைப் பல மாநிலங்கள் பின்பற்றின. தமிழ்நாடு 2002-இல் கொண்டுவந்து 2004-இல் கைவிட்டது.

அங்கே நாத்திகம், இங்கே பெரும்பான்மைச் சமயம், வேறோர் இடத்தில் தேசியம். கேட்கிற தரப்புகள் வேறு, கேட்பது ஒன்றே. உன் நம்பிக்கையை உன் நெஞ்சுக்குள் வைத்துக்கொள், தெருவுக்குக் கொண்டுவராதே. கிறிஸ்தவர் இதற்கு முழுமையாக உடன்பட முடியாது. எங்கள் நம்பிக்கை ஞாயிறு காலை ஒரு மணி நேரம் பாட்டுப் பாடுவதோடு முடிவதில்லை. பிள்ளை வளர்ப்பு, திருமணம், வேலையில் நேர்மை, கைதியைப் பார்ப்பது, பசித்தவருக்குச் சோறு, நற்செய்தியைச் சொல்வது எல்லாம் அதற்குள் அடங்கும். நெஞ்சுக்குள் மட்டும் இருக்கிற விசுவாசம் எங்கள் மறையில் செத்த விசுவாசம். நாங்கள் இதைக் கேட்கும்போது, இஸ்லாமியரும் தம் வாழ்வு முழுவதும் தம் மார்க்கமே என்று நம்புகிறார் என்பதை நினைக்கவேண்டும். அவருக்கும் நமக்கும் உள்ள இந்த ஒற்றுமையை ஒரு கருத்தரங்கும் இதுவரை எடுத்துப் பேசவில்லை.

இனி

மாறியது எது, மாறாதது எது என்று கூட்டிப் பார்க்கிறேன். 57-ஆம் பிரிவு மாறவில்லை. அண்டை வீட்டார் பெரிதாக மாறவில்லை. ஹரிராயாவுக்குத் தட்டு வருகிறது, கிறிஸ்மஸுக்குத் தட்டு போகிறது. மாறியது அரசியலின் பேச்சு. அதோடு மாறியது நம்முடைய நடை. 1883-இல் சாலையோரம் நிமிர்ந்து நின்ற சமூகம் இன்று படியேறி மறைந்துகொள்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். மாநில அரசுக்கு: 2012-இல் ஆசிரியர்களை அழைத்த அதே இலாகாக்கள் ஜொகூரின் 1895 அரசியலமைப்பைப் பள்ளிகளில் கற்பிக்கட்டும். ஜொகூர் மக்கள் பெருமையோடு சொல்லும் பங்சா ஜொகூர் என்ற எண்ணத்துக்கு அதைவிடப் பழைய, உறுதியான ஆதாரம் கிடையாது. புதிய வீட்டுமனைத் திட்டத்தில் சூராவ் என்னும் சிறு தொழுகைக்கூடத்துக்கு நிலம் ஒதுக்குவதைப் போலக் கோவிலுக்கும் தேவாலயத்துக்கும் ஒதுக்கட்டும். நிலம் தரும் அரசு, நீயும் இங்கே இருக்கலாம் என்று சொல்லாமல் சொல்கிறது.

நம் சபைகளுக்கு: பெயர்ப்பலகை வையுங்கள். சட்டம் அதைத் தடுக்கவில்லை. உங்கள் தாமானின் சூராவ் நிர்வாகத்தினரைத் தேநீருக்கு அழையுங்கள். மதம் மாற்ற வேண்டாம், அறிமுகமாகுங்கள். வெள்ளம் வந்தால் உங்கள் மாடியை யாவருக்கும் திறந்துவிடுங்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியபோது தண்ணீர் யார் எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. எதை நம்புகிறோம் என்று யாராவது கேட்டால் மென்மையாக, முழுமையாக, பயமில்லாமல் சொல்லுங்கள். சொன்னதற்காக இழப்பு வந்தால் அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். திருப்பி அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். ஆதித் திருச்சபை உரோமாபுரியில் கற்ற பாடமும் அதுதான்.

பிள்ளைகளிடம் நாம் எதைக் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்பதில்தான் இந்தக் கணக்கு முடியும். நம்பிக்கையை ஒளித்து வைக்கக் கற்ற பிள்ளை, சிறிது காலத்தில் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவனாக நிற்பான். அடுத்தவரை மதித்துக்கொண்டே தன் நம்பிக்கையை வெளியில் சொல்லக் கற்ற பிள்ளைக்கு ஜொகூர் தன் ஊர். அந்தப் பிள்ளையை வளர்ப்பது அரசின் கையில் பாதி, நம் கையில் பாதி. நம் பாதியை இன்றே தொடங்கலாம்.